எச்.எம்.டி. ஜனதா: பழைய சாவி வாட்ச்சை முழு சர்வீஸ் செய்வது எப்படி

பல வருடம் பீரோவில் கிடந்த எச்.எம்.டி. ஜனதாவை எடுத்து நாலு சுற்று சாவி கொடுத்தால் பெரும்பாலும் ஓடத் தொடங்கிவிடும். ‘நல்லாத்தான் ஓடுது’ என்று அப்படியே கையில் கட்டிக்கொள்வதுதான் அதற்குச் செய்யும் பெரிய கெடுதல். உள்ளே போட்டிருந்த எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். அதில் தூசியும் உலோகத் துகளும் கலந்திருக்கும். ஓட ஓட அந்தக் கலவை பிவட்டை, அதாவது சக்கர அச்சின் மெல்லிய நுனியை, அரைக்கும். பிவட் தேய்ந்தால் சக்கரத்தையே மாற்ற வேண்டும், அந்தச் சக்கரத்தைப் புதிதாகச் செய்து தர இன்று தொழிற்சாலை கிடையாது. எச்.எம்.டி. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து பெங்களூரில் வாட்ச் தயாரிக்க ஆரம்பித்தது. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதன் பிறகு ஜனதாவுக்கோ எச்.எம்.டி.யின் இன்னொரு வாட்ச்சான பைலட்டுக்கோ உதிரி வேண்டுமென்றால், பழைய கையிருப்பு அல்லது இன்னொரு பழைய வாட்ச், இந்த இரண்டுதான் வழி.

கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வாட்ச் இல்லை. உள்ளே இருக்கும் 0231 மெஷின் சிட்டிசனின் 02 வரிசையிலிருந்து வந்தது. 17 கல் (பிவட்களைத் தாங்கும் சிறு கற்கள்), மணிக்கு 18,000 துடிப்பு, நடுவில் செகண்ட் முள். தேதி கிடையாது, ஆட்டோமேட்டிக் கிடையாது. பாகங்கள் ஓரளவு பெரியவை. கீழே சொல்லும் வரிசை பழைய ஒமேகா, ஃபேவர் லூபா போன்ற சாவி வாட்ச்களுக்கும் பெருமளவு பொருந்தும். ஆனால் முதல் தடவை அவற்றில் கை வைக்க வேண்டாம். ஓடாத ஜனதா மெஷின் ஒன்றை வாங்கி, இரண்டு மூன்று முறை பிரித்துப் பூட்டிப் பழகுங்கள். பிறகு அதுவே உங்கள் உதிரிப் பெட்டியாக இருக்கட்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

இணையத்தில் ‘புதுசு போல’ என்று பளபளக்கும் டயலோடு வரும் எச்.எம்.டி.க்களில் பெரும்பாலானவை மறுபடி பெயின்ட் அடித்தவை. பத்து மடங்கு லென்ஸில் டயல் எழுத்தைப் பாருங்கள். தொழிற்சாலையில் அச்சடித்த எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும். மறு அச்சில் எழுத்து பருத்து, மை பரவி, எண்களுக்கு நேராக வர வேண்டிய நிமிடக் கோடுகள் சற்றுத் தள்ளி நிற்கும். பாராஷாக் (அதிர்ச்சி தாங்கும் அமைப்பின் பெயர்) என்ற சொல்லையே தப்பாக அச்சடித்த டயல்களும் உண்டு. உள்ளே இருப்பது நாலு வாட்ச்சிலிருந்து எடுத்துச் சேர்த்த மெஷினாக இருந்தாலும் வெளியே தெரியாது. கறை படிந்த அசல் டயலோடு ஓடாமல் கிடக்கும் வாட்ச்தான் நம் வேலைக்கு உகந்தது.

பின்மூடி திறந்த படம் கேளுங்கள். துரு, சாவி கொடுக்கும் குமிழான கிரவுனின் தண்டைச் (ஸ்டெம்) சுற்றி மட்டும் இருந்தால் சமாளிக்கலாம். அந்த இடத்தில்தான் வியர்வை உள்ளே இறங்கும். கடலோர ஊர்களில் கட்டியிருந்த வாட்ச்களில் இது சாதாரணம். இருபக்கமும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் வீலும், அதோடு இணைந்த மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கும் துருப்பிடித்திருந்தால் விட்டுவிடுங்கள். திருகுகளின் தலை சிதைந்திருந்தால், முன்பு கை வைத்தவர் சரியான திருப்புளி இல்லாமல் வேலை பார்த்திருக்கிறார் என்று பொருள். உள்ளே வேறு என்ன செய்து வைத்திருப்பார் என்று எதிர்பார்த்துக்கொள்ளலாம்.

கருவிகள்

எல்லாவற்றிலும் சிக்கனம் பார்க்கலாம், திருப்புளியிலும் ட்வீசரிலும் பார்க்கக்கூடாது. 0.8, 1.0, 1.2, 1.4, 1.6 மி.மீ. திருப்புளிகள் வேண்டும். அலகு திருகின் பள்ளத்தை முழு அகலத்துக்கும் நிரப்ப வேண்டும். குறுகிய அலகு நழுவி, பிரிட்ஜில் (சக்கரங்களை மேலிருந்து பிடிக்கும் தகடு) கோடு போட்டுவிட்டுத்தான் நிற்கும். மூன்றாம் எண் ட்வீசர் ஒன்று, ஹேர் ஸ்பிரிங்குக்கு ஐந்தாம் எண் ட்வீசர் ஒன்று. ஐந்தாம் எண்ணை வேறு எதற்கும் எடுக்காதீர்கள், நுனி ஒரு தடவை வளைந்தால் போயிற்று. ஐந்து மடங்கு, பத்து மடங்கு லென்ஸ்கள், மெஷின் ஹோல்டர், முள் கழற்றும் லீவர் ஜோடி, ரப்பர் ஊதி, விரலுறை, அழுக்கை ஒற்றி எடுக்கும் ரோடிகோ பசை, கூராகச் சீவிய மெல்லிய மரக்குச்சிகள், எண்ணெய்க் குச்சிகள், மூடி போட்ட பாகத் தட்டு. கூடவே, டிக் சத்தத்தைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் ஒன்று. அது இல்லாமலும் சர்வீஸ் செய்யலாம், ஆனால் செய்தது சரியா என்று தெரியாது.

மேசை நெஞ்சு உயரத்துக்கு இருக்க வேண்டும். கீழே விழும் பாகத்தைத் தேடுவது இந்த வேலையின் ஒரு பகுதி. எனவே வெளிர் நிறத் தரை, மடியில் விரித்த வெள்ளைத் துணி, நிறுத்தி வைத்த மின்விசிறி மூன்றும் அவசியம்.

எண்ணெய் விஷயத்தில் ஒரே புட்டியால் எல்லாவற்றையும் முடிக்க முடியாது. வேகமாகச் சுற்றும் பேலன்ஸ், எஸ்கேப் வீல் (விசையைத் துளித் துளியாக விடும் பல்சக்கரம்), நாலாவது சக்கரம் ஆகியவற்றுக்கு மோபியஸ் நிறுவனத்தின் 9010 எண்ணெய். மெதுவாக, அழுத்தத்தோடு சுற்றும் சென்டர் வீல் (நடுச் சக்கரம்), பேரல் (மெயின் ஸ்பிரிங்கை அடைத்திருக்கும் டப்பா) ஆகியவற்றுக்கு கெட்டியான டி5 அல்லது எச்பி 1300. எஸ்கேப் வீலைப் பிடித்துப் பிடித்து விடும் பேலட் ஃபோர்க்கின் கற்களுக்கு 9415. சாவி கொடுக்கும் பகுதியில் உராயும் இடங்களுக்கு 8300 கிரீஸ். சாவி விசையைத் தேக்கும் மெயின் ஸ்பிரிங்குக்கு 8200. தையல் மெஷின் எண்ணெய் எங்கும் ஆகாது. அது கல்லின் குழியில் நிற்காமல் பிளேட் (மெஷினின் அடித்தகடு) முழுக்கப் பரவிவிடும். பிறகு பிவட் வறண்டுபோகும்.

பிரிப்பது

ஜனதாவின் பின்மூடி பெரும்பாலும் அழுத்திப் பொருத்திய வகை. விளிம்பைச் சுற்றிப் பார்த்தால் ஓரிடத்தில் சிறு நாக்கோ பள்ளமோ இருக்கும். கத்தியை அங்கே வைத்து நெம்பாமல், சொருகித் திருப்ப வேண்டும். நெம்பினால் கத்தி நழுவிப் பேலன்ஸில் பாயும்.

திறந்ததும் படம் எடுங்கள். ஒவ்வொரு பாகத்தைக் கழற்றும் முன்னும் ஒரு படம். திருகுகளின் நீளம் ஒன்றுபோல இருக்காது. எந்தத் திருகு எந்தத் துளையிலிருந்து வந்தது என்பது படத்திலும் தட்டிலும் தெரிய வேண்டும். நீளத் திருகைக் குட்டைத் துளையில் முறுக்கினால் அது மறுபுறம் வெளிவந்து ஒரு சக்கரத்தைத் தடுக்கும், அல்லது டயலை முட்டித் தூக்கும்.

ஸ்டெம்மை விடுவிக்க அதன் அருகில் பிளேட்டில் ஒரு சிறு பொத்தானோ திருகோ இருக்கும். பொத்தானென்றால் மெல்ல அழுத்திக்கொண்டு கிரவுனை இழுக்க வேண்டும். திருகென்றால் ஒன்றிரண்டு சுற்று மட்டும் தளர்த்துங்கள். முழுக்கக் கழற்றினால் ஸ்டெம்மைப் பிடித்திருக்கும் செட்டிங் லீவர் டயல் பக்கம் விழுந்துவிடும். டயலைக் கழற்றாமல் அதைத் திரும்பப் பொருத்த வழியில்லை. மெஷினை வெளியே எடுத்ததும் ஸ்டெம்மைத் திரும்பச் செருகி வையுங்கள்.

முட்களை 12 மணிக்கு ஒன்றன்மேல் ஒன்றாகக் கொண்டுவந்து, டயல் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, இரண்டு லீவரையும் எதிரெதிரே வைத்து ஒரே நேரத்தில் அழுத்தினால் எழும்பும். டயலை மெஷினின் பக்கவாட்டில் உள்ள இரண்டு சிறு திருகுகள் பிடித்திருக்கும். அவற்றைத் தளர்த்தி, டயலைச் சமமாகத் தூக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் டயலின் கால் ஒடியும். ஒடிந்த காலை டயலின் முகம் கெடாமல் ஒட்டவைப்பது தனித் தொழில். கழற்றிய டயலை மூடி போட்ட டப்பாவில் வைத்து, வேலை முடியும் வரை தொடாமல் இருங்கள்.

அடுத்து, வேறு எதையும் தொடும் முன் மெயின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை இறக்க வேண்டும். கிரவுனை விரல்களால் பிடித்து, சாவி கொடுப்பதுபோலத் துளி முன்னே திருப்பினால், ஸ்பிரிங் அவிழாமல் தடுக்கும் கிளிக் என்ற கொக்கி தளரும். அதைக் குச்சியால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, கிரவுனை விரலிடுக்கில் மெல்ல மெல்லப் பின்னோக்கிச் சுழல விடுங்கள். இதைச் செய்யாமல் பேலட் ஃபோர்க்கைக் கழற்றினால், தேங்கி நிற்கும் விசை முழுவதும் ஒரே நொடியில் சக்கரங்களைச் சுழற்றிவிடும். பிவட் ஒடியும், சக்கரத்தின் பல் போகும். புதிதாகக் கற்பவர்கள் மெஷினைக் கெடுப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

பேலன்ஸ் வீலை மேலிருந்து பிடிக்கும் பேலன்ஸ் காக்கின் திருகைக் கழற்றி, காக்கைத் தூக்கும்போது பேலன்ஸ் வீல் ஹேர் ஸ்பிரிங்கில் தொங்கிக்கொண்டு வரும். அடியில் எங்கும் சிக்காமல் லேசாகத் திருப்பியபடி எடுத்து, காக்கைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். பிறகு பேலட் பிரிட்ஜ், பேலட் ஃபோர்க். அதன்பின், சாவி விசையைப் பேரலுக்குக் கொண்டுசேர்க்கும் ரேச்செட் வீலும் கிரவுன் வீலும். கிரவுன் வீல் திருகு பல மெஷின்களில் இடது மரை. வழக்கமான திசையில் திருப்பி அசையவில்லை என்றால் பலத்தைக் கூட்டாமல் எதிர்த்திசையில் பாருங்கள். பேரல் பிரிட்ஜ், டிரெய்ன் (சக்கர வரிசை) பிரிட்ஜ், சக்கரங்கள் என்று வரிசையாக எடுத்துவிட்டு, மெஷினைத் திருப்பி, நிமிட முள் மாட்டும் குழலான கேனன் பினியனை நேராக மேல்நோக்கி இழுத்து எடுக்க வேண்டும். டயல் பக்கத்தில் செட்டிங் லீவரையும் யோக்கையும் அழுத்தியிருக்கும் ஸ்பிரிங்குகள் தெறித்து ஓடும் ஜாதி. கழற்றும்போது மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை விரித்து, அதற்குள் ட்வீசரை விட்டு வேலை பாருங்கள்.

பேலன்ஸின் இருபுறமும் உள்ள பாராஷாக் அமைப்பையும் திறக்க வேண்டும். உள்ளே துளையுள்ள ஒரு கல்லும் அதன் மேல் தட்டையான மூடிக்கல்லும் இருக்கும். மேலே பிடித்திருக்கும் ஸ்பிரிங் எப்படி மாட்டியிருக்கிறது என்று பத்து மடங்கில் பார்த்துப் படம் எடுத்த பிறகே தொடுங்கள். பழைய எண்ணெய் மூடிக்கல்லில் மஞ்சள் வளையமாகக் காய்ந்திருக்கும். இதைத் திறக்காமல் செய்யும் சர்வீஸ் அரைகுறை சர்வீஸ்தான். வாட்ச் படுத்திருக்கும்போது பேலன்ஸின் முழு எடையும் இந்தக் கல்லின்மேல்தான் நிற்கிறது.

கழுவுவது

பழைய கடைகளில் வெள்ளை பெட்ரோலில்தான் கழுவினார்கள். லைட்டர் திரவம் அதற்கு நல்ல மாற்று. இரண்டுமே தீப்பிடிக்கும். சன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ வேண்டாம். பிளேட், பிரிட்ஜ், சக்கரங்கள் ஆகியவற்றை வாட்ச் சுத்தம் செய்யும் கரைசலில் ஊறவைத்து மென்மையான தூரிகையால் தேய்த்து, இரண்டு முறை அலசுங்கள். அல்ட்ராசோனிக் இருந்தால் நல்லது, ஆனால் அதில் போட்டால் எல்லாம் போய்விடும் என்று நம்ப வேண்டாம்.

பேலட் ஃபோர்க்கையும் பேலன்ஸையும் ஆல்கஹாலில் ஊறவைக்கக் கூடாது. பேலட் கற்களும் பேலன்ஸ் ரோலரில் உள்ள இம்பல்ஸ் கல்லும் அரக்கால் ஒட்டப்பட்டவை. ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும். லைட்டர் திரவத்தில் சில நிமிடம் போட்டு எடுத்தால் போதும்.

கற்களின் துளைதான் கவனமாகச் செய்ய வேண்டிய இடம். மரக்குச்சியின் நுனியை ஊசிபோலச் சீவி, துளைக்குள் விட்டு விரலால் உருட்டுங்கள். முதல் தடவை நுனி கறுத்து வரும். சீவி, மறுபடி உருட்டுங்கள். நுனி வெள்ளையாகவே வெளிவரும் வரை ஒவ்வொரு கல்லுக்கும் இதைச் செய்ய வேண்டும், இருபுறமும். கரைசலில் மணிக்கணக்காக ஊறிய பிளேட்டிலும் இந்தக் கறுப்பு வரும். பிறகு கல்லை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து லென்ஸில் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் அந்தக் கல் பிவட்டை அரம்போல அறுக்கும். பிவட்களையும் அப்படியே பாருங்கள். கண்ணாடிபோல மின்ன வேண்டும். நடுவில் பள்ளமோ கறுப்பு வளையமோ தெரிந்தால், உதிரி மெஷினிலிருந்து வேறு சக்கரம் எடுங்கள்.

பேரலைத் திறந்து மெயின் ஸ்பிரிங்கை வெளியே விடுங்கள். ஒரே மூச்சில் தெறிக்க விடாமல் கட்டை விரலால் அடக்கி, சுற்றுச் சுற்றாக விட வேண்டும். வெளியே வந்த ஸ்பிரிங் எஸ் வடிவத்தில் எதிர்ப்பக்கம் வளைந்து விரிந்தால் உயிர் இருக்கிறது. பழைய எஃகு ஸ்பிரிங் என்றால் அகலமாக விரிந்தாலாவது போதும். பேரலுக்குள் இருந்த அளவிலேயே சுருண்டு கிடந்தால் தளர்ந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான். அகலம், கனம், நீளம், பேரலின் உள்விட்டம் நான்கையும் அளந்து வாங்குங்கள். கனத்தில் 0.01 மி.மீ. கூடினாலே விசை கணிசமாகக் கூடிவிடும். ‘கொஞ்சம் பெரிசா போட்டா நல்லா ஓடும்’ என்று கடையில் சொன்னால் கேட்க வேண்டாம். புது ஸ்பிரிங் வளையத்தில் சுருட்டி வரும், பேரல் மேல் வைத்து அழுத்தினால் உள்ளே இறங்கிவிடும். பழையதைத் திரும்பப் போட வைண்டர் கருவி வேண்டும். கையால் சுற்றினால் ஸ்பிரிங் கூம்பாகக் கோணி, பேரலின் மூடியில் உராயும்.

பூட்டுவது

பேரல், சக்கரங்கள், பிரிட்ஜ். கழற்றிய வரிசைக்கு நேர் எதிர் வரிசை. இனி எல்லாவற்றையும் விரலுறை போட்டே தொட வேண்டும்.

டிரெய்ன் பிரிட்ஜ் போடும் இடத்தில் நிதானம் வேண்டும். சக்கரங்களின் கீழ்ப் பிவட்கள் பிளேட்டில் உட்கார்ந்துவிடும். மேல் பிவட்கள் அத்தனையும் ஒரே சமயத்தில் பிரிட்ஜின் துளைகளுக்குள் போக வேண்டும். பிரிட்ஜை மேலே வைத்து, மரக்குச்சியால் மிக லேசாக, ஒரு இறகின் எடை அளவுக்கு அழுத்தியபடி, ஒவ்வொரு சக்கரத்தையும் ட்வீசர் நுனியால் துளித் துளியாக நகர்த்துங்கள். ஒவ்வொன்றாக உள்ளே விழும். எல்லாம் விழுந்ததும் பிரிட்ஜ் தானாகவே பிளேட்டோடு படியும். இப்போதும் திருகை முறுக்க வேண்டாம். பேரலின் பல்லைக் குச்சியால் தள்ளுங்கள். எஸ்கேப் வீல் வரைக்கும் தடையில்லாமல் சுழல வேண்டும். சுழன்றால் ஒரு திருகைப் பாதி முறுக்கி மறுபடி சோதியுங்கள். பிறகு அடுத்தது. பிவட் துளைக்கு வெளியே நிற்கும்போது திருகை முறுக்கினால் பிவட் ஒடியும், அல்லது கல் உடையும். வேறு எதுவும் நடக்காது.

பிரிட்ஜ் பூட்டியதும் ஒவ்வொரு சக்கரத்தையும் ட்வீசரால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு, ஆனால் மிகக் குறைவாக, ஒரு ஆட்டம் இருக்க வேண்டும். ஆட்டமே இல்லையென்றால் எங்கோ அழுக்கோ வளைவோ இருக்கிறது. பேலட் போடும் முன் கிரவுனில் இரண்டு கிளிக் மட்டும் சாவி கொடுங்கள். சக்கரங்கள் விர்ரென்று சுழன்று, நின்ற பிறகு எஸ்கேப் வீல் ஒரு கணம் பின்னோக்கித் திரும்பினால் டிரெய்ன் சுத்தம். சட்டென்று நின்றால் மறுபடி பிரிக்க வேண்டும். எண்ணெய் போட்ட பிறகு கண்டுபிடிப்பதைவிட இப்போது கண்டுபிடிப்பது மேல்.

எண்ணெயின் அளவு கல்லின் குழியில் பாதி. அதற்கு மேல் வழிந்தால் எல்லா எண்ணெயும் பரவிப்போய்விடும், அந்தக் கல்லைக் கழுவி மறுபடி போடுங்கள். மூடிக்கல்லில் 9010 ஒரு சொட்டு, துளைக்கல்லை மேலே வைத்ததும் வட்டமாக விரிந்து மூடிக்கல்லின் மூன்றில் இரண்டு பங்கை மூட வேண்டும். பேலட் ஃபோர்க்கின் பிவட்களுக்கு எண்ணெயே கூடாது. அது சுற்றுவதில்லை, அசைவது மட்டும்தான். அங்கே எண்ணெய் போட்டால் அதன் பிசுபிசுப்பே வேகத்தைத் தின்றுவிடும்.

பேலட்டைப் பொருத்தி, நாலைந்து கிளிக் சாவி கொடுத்து, ஃபோர்க்கை ஒரு பக்கம் லேசாகத் தள்ளுங்கள். மறுபக்கம் பட்டென்று தானே பாய வேண்டும். வெளியேறும் பேலட் கல்லின் முகத்தில் 9415 ஒரு சிறு சொட்டு வைத்து, ஃபோர்க்கை இருபக்கமும் தள்ளி ஐந்து பற்களைக் கடக்க விடுங்கள். எஸ்கேப் வீலில் 15 பல் உண்டு. இதையே மூன்று முறை செய்தால் எல்லாப் பல்லுக்கும் எண்ணெய் போய்ச் சேரும்.

பேலன்ஸை இறக்கும்போது ரோலர் கல் ஃபோர்க்கின் கவட்டுக்குள் போக வேண்டும். காக்கை விட்டதும் பேலன்ஸ் தானே ஆடத் தொடங்கினால் சரி. ஆடிக்கொண்டிருக்கும்போதே திருகை முறுக்குங்கள். முறுக்க முறுக்க ஆட்டம் நின்றால் பிவட் சரியாக உட்காரவில்லை. உடனே தளர்த்துங்கள்.

டயல் பக்கம் பூட்டும்போது கேனன் பினியனின் உட்புறத்தில் எச்பி 1300 துளி போட மறக்காதீர்கள்.

டைம்கிராஃபர் என்ன சொல்கிறது

முழுச் சாவி கொடுத்து, அரை மணி நேரம் ஓடவிட்டு, 18,000 துடிப்பும் லிஃப்ட் ஆங்கிள் (ஆட்டத்தைக் கணக்கிடக் கருவி கேட்கும் கோணம்) 52 டிகிரியும் வைத்துப் பாருங்கள். டயல் மேலே பார்த்தபடி இருக்கும்போது ஆம்ப்ளிட்யூட் (பேலன்ஸ் ஆடும் கோணம்) 250 டிகிரிக்கு மேல் வந்தால் இந்த வயது மெஷினுக்கு நன்று, 270க்கு மேல் என்றால் மிக நன்று. வாட்ச்சைச் செங்குத்தாக வைத்தால் 30 முதல் 40 டிகிரி குறைவது இயல்பு. படுத்திருக்கும் இரண்டு நிலைகளுக்கு இடையே பெரிய வித்தியாசம் இருந்தால், குறைவாகக் காட்டும் பக்கத்தின் பேலன்ஸ் பிவட்டையும் மூடிக்கல்லையும் பாருங்கள்.

எல்லா நிலையிலும் ஆம்ப்ளிட்யூட் 200க்குக் கீழே என்றால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: தளர்ந்த மெயின் ஸ்பிரிங், டிரெய்னில் அழுக்கு, பேலட் பிவட்டில் யாரோ போட்ட எண்ணெய். நாளுக்குப் பல நிமிடம் வேகமாக ஓடினால் பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கிறது, அல்லது ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் எண்ணெயில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன, அல்லது வெளிச்சுற்று, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரின் ஊசியைத் தாண்டிச் சிக்கியிருக்கிறது. மெஷின் பக்கத்தில் திசைகாட்டியை வைத்தால் காந்தம் தெரிந்துவிடும். காந்தநீக்கியின் பொத்தானை அழுத்தியபடியே வாட்ச்சை மெதுவாக ஒரு முழம் தள்ளிக் கொண்டுபோன பிறகுதான் பொத்தானை விட வேண்டும். அருகில் இருக்கும்போதே விட்டால் காந்தம் கூடும்.

டிக் டிக் சத்தம் ஒழுங்காக இருந்தும் முள் பின்தங்கினால், குற்றம் கேனன் பினியனின் தளர்வில் இருக்கிறது. ரெகுலேட்டரை எவ்வளவு நகர்த்தினாலும் தீராது.

பீட் எரர் (டிக்குக்கும் டாக்குக்கும் இடையிலான நேர வித்தியாசம்) 1 மில்லி செகண்டுக்குக் கீழே இருந்தால் போதும். அதற்குமேல் இருந்து, ஹேர் ஸ்பிரிங்கின் நுனியைப் பிடிக்கும் ஸ்டட் நகரக்கூடியதாக இல்லையென்றால், நடுவிலுள்ள காலெட் என்ற வளையத்தைத் திருப்பித்தான் சரிசெய்ய வேண்டும். பழகாத கை அதில் ஹேர் ஸ்பிரிங்கை வளைத்துவிடும். இரண்டு மில்லி செகண்ட் வரைக்கும் பொறுத்துக்கொள்ளலாம். வேகத்தை ரெகுலேட்டரால் மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, நாளுக்கு 20, 30 விநாடிக்குள் கொண்டுவந்தால் ஜனதாவுக்கு அது கௌரவமான கணக்கு.

டயல், முள், உறை

மெஷினை முடித்த உற்சாகத்தில் பலர் கெடுப்பது இந்த இடத்தில். டயலில் தண்ணீரோ கரைசலோ படக்கூடாது. எச்சில் தொட்ட துணியும் வேண்டாம். அச்சின் மேல் பூசிய அரக்கு உரியும்போது எழுத்தும் கூடவே வரும். ஊதியால் தூசியை ஊதி, ரோடிகோவால் ஒற்றி எடுப்பதோடு நிறுத்துங்கள். மஞ்சளேறிய டயலை மறுபடி பெயின்ட் அடித்தால் வாட்ச் புதிதாகத் தெரியும், மதிப்பு பாதியாகும். 1960களுக்கு முந்தைய வெளிநாட்டு வாட்ச்களில் இருட்டில் ஒளிரும் பூச்சு ரேடியமாக இருக்கலாம். ஒளி மங்கிப் பல வருடம் ஆகியிருந்தாலும் கதிரியக்கம் போகாது. அதைச் சுரண்டவோ ஊதவோ கூடாது.

உறை அடுத்த பொறி. ஜனதாவின் உறைகள் பல, குரோம் முலாம் பூசிய பித்தளை. பஃப் சக்கரத்தில் பிடித்தால் கீறலோடு முலாமும் போய், மூலைகளில் மஞ்சள் பித்தளை எட்டிப்பார்க்கும். தங்க முலாம் பூசிய எச்.எம்.டி. சோனாவுக்கும் இதே கதி. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், மென்மையான பல்துலக்கி, பட்டை மாட்டும் காதுகளின் இடுக்குக்கு மரக்குச்சி. அவ்வளவு போதும். எஃகு உறையுள்ள விலையுயர்ந்த வாட்ச்சையும் பாலிஷ் செய்யும் முன் இரண்டு முறை யோசியுங்கள். பாலிஷில் மழுங்கிய காதுகளுக்குச் சேகரிப்பவர்கள் விலை குறைத்தே கேட்பார்கள்.

கண்ணாடி அக்ரிலிக் என்பதால் கீறல் போகும். ஆழமான கீறலுக்கு 1000, 1500, 2000 எண் உப்புத்தாள்களைத் தண்ணீர் தொட்டு வரிசையாகத் தேய்த்து, கடைசியில் பாலிவாட்ச் பசையைப் பருத்தித் துணியில் வைத்து இரண்டு மூன்று நிமிடம் தேயுங்கள். விளிம்பில் விரிசல் இருந்தால் தேய்த்துப் பயனில்லை. விட்டத்தை 0.1 மி.மீ. துல்லியத்தில் அளந்து புதுசு போடுங்கள்.

முட்களைப் பொருத்தும்போது மணி முள்ளைச் சரியாக 12இல் வைத்து அழுத்தி, நிமிட முள்ளையும் அதே இடத்தில் பொருத்தி, கிரவுனைத் திருப்பி 3, 6, 9 மணிகளில் மணி முள் கோட்டுக்கு நேராக வருகிறதா என்று பாருங்கள். ஒரு முழுச் சுற்றில் முட்கள் ஒன்றையொன்றும், டயலையும், கண்ணாடியையும் உரசக்கூடாது. செகண்ட் முள் பொருத்துவது கடைசி வேலை, அதிகம் பொறுமை சோதிப்பதும் அதுவே. குழல் பிவட்டின் மேல் நேராக நிற்கும் வரை அழுத்த வேண்டாம்.

பின்மூடியை மூடும் முன் ஒரு முறை ஊதுங்கள். மூடி விளிம்பில் ரப்பர் வளையம் இருக்கும் உறையென்றால் மாற்றிவிட்டு, சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள். அப்படிச் செய்தாலும் இது தண்ணீர் புகாத வாட்ச் ஆகிவிடாது. குளிக்கும்போதும் மழையிலும் கழற்றிவிட வேண்டும்.

கையில் கட்டும் முன் இரண்டு நாள் மேசையிலேயே ஓடட்டும். முதல் நாள் டயல் மேலே, இரண்டாம் நாள் கிரவுன் கீழே. தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள். வாட்ச்சைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டே கொடுக்க வேண்டும். மணிக்கட்டில் கட்டியபடி கொடுத்தால் கிரவுன் கோணலாக இழுபட்டு, ஸ்டெம் வளையும், அது நுழையும் குழாயும் தேயும். தடை தெரிந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். ‘சாவி அதிகமாகி நின்னு போச்சு’ என்று சொல்லிக் கொண்டுவரும் வாட்ச்களில் உண்மையான நோய் காய்ந்த எண்ணெய்தான். முழுச் சாவி எந்த நல்ல மெஷினையும் நிறுத்துவதில்லை.